கம்பெனி எடுத்த காசுக்கு மச்சானக் கேட்ட மகனுக்கு

ஏலே பெரிய ஆபீசரு, ஒக்காந்துக்கிட்டுப் படி. நின்னுக்கிட்டுப் படிச்சா கோவத்துல கிழிச்சுப்புடுவ, நான் மறுபடி மொதல்ல இருந்து எழுதணும். அஞ்சாப்புல பள்ளிக்கூடத்த விட்டவன் கை இது, வாழைத்தார் தூக்கச் சொன்னாத் தூக்கும், பேனா பிடிக்கச் சொன்னா மொரண்டு பிடிக்கும். போன்ல சொல்லலாம்ல, எதுக்கு லெட்டருன்னு கேப்ப. போன்ல சொன்னா, "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்"னு பாதியில வச்சுப்புடுற. லெட்டர அப்படி வைக்க முடியாது. அது ஒன் மேசையில கெடந்து ஒன்னைய மொறச்சுக்கிட்டே இருக்கும். ரூமுல கூடத் தங்கியிருக்க பயலுகளுக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டு. ஒனக்கு மட்டும் எழுதுனா நீ மாத்திக் கீத்திப் புரிஞ்சுக்குவ.

விசயம் இதுதான். வீரபாண்டித் திருவிழா முடிஞ்சதும் வைகாசியில ஒங்கக்கா மகளுக்குக் காது குத்தப் போறாக. தாய்மாமன் நீ ஒருத்தன்தான். அந்தப் பிள்ள ஒன் மடியில உக்காந்துதான் காது குத்தணும். ஆனா நேத்து ஒங்கக்கா வந்து சொல்லிட்டுப் போறா, ஒன் சித்தப்பன் மகனக் கூப்பிட்டு அவன் மடியில உக்கார வச்சுக்கப் போறாகளாம். அவ வீட்டுக்காரரு, நம்ம மாப்பிள்ள, முடிவு பண்ணிட்டாகளாம். கூடப் பெறந்தவன் உசுரோட இருக்கையில பங்காளி வீட்டுப் பய மடியில பிள்ளைய உக்கார வச்சா, ஊருல என்ன பேசுவாகன்னு ஒனக்குத் தெரியாதா? மெட்ராசு தண்ணி குடிச்சதுல அதுவும் மறந்துபோச்சா? இம்புட்டுக்கும் காரணம் ஒரு வைரஸ் மருந்து. கேட்டா எவனும் நம்ப மாட்டான். காட்டுல மருந்தடிச்சாப் பூச்சி சாகும். நீ வாங்குன மருந்து பூச்சிய விட்டுட்டு எங்குடும்பத்த அரிச்சிருக்கு.

போன வருசம் பொங்கல நெனச்சுப் பாரு. நான் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல ஒரு கம்ப்யூட்டரக் கொண்டாந்து வச்சியே, "அப்பா, பாப்பா போட்டோ பாக்கலாம், என் மூஞ்சியப் பாத்துப் பேசலாம்"னு. ஒன் மூஞ்சி வந்தது ரெண்டு தடவையோ என்னமோ. மத்த நேரமெல்லாம் நான் அதுல சீட்டாடுறேன். எதுத்தாப்புல ஆளு இல்ல, ஏமாத்த வழி இல்ல, அதுனால அதுல ருசியும் இல்ல. அன்னைக்குப் பொங்கச் சோத்த ஒரு பிடி பிடிச்சுட்டு நீ கட்டில்ல மலந்து கெடந்த. ஒங்க மச்சான் பிள்ள போட்டோவ அதுல ஏத்திக்கிட்டு இருந்தாக. திரையில செவப்பா ஒரு பொட்டி வந்து மறிச்சுது. "மாப்ள, இதுல ஆன்டி வைரஸ் இல்லையாம், வாங்கச் சொல்லுது"ன்னாக. "வாங்கிப் போடுங்க மச்சான், என் கார்டுலயே"ன்ன. "நீங்க வந்து போடுங்க மாப்ள, ஒங்க கார்டு"ன்னு அவுக சொன்னாக, என் காதால கேட்டேன். நீ எந்திரிச்சியா? வயித்தத் தடவிக்கிட்டே கார்டக் கண்ணுக்கு நேரா பிடிச்சு நம்பர வாசிச்ச. அவுக தட்டுனாக. வீட்டுல இருந்த அம்புட்டுப் பேருக்கும் அந்த நம்பர் கேட்டுச்சு. ஒங்கம்மாவுக்குக் கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு. தேங்கா எடுக்க வந்தவனுக்கும் கேட்டுச்சு. அப்பறம் எப்படிடா ஒங்க மச்சான் மேல மட்டும் சந்தேகம் போச்சு? என் மேல ஏன் வரல? என் மூஞ்சியில களவாணிக் களை இல்லையா? நான் என்ன கொறஞ்சவனா?

சிரிக்காத. நான் சிரிக்கிறதுக்கு எழுதல.

இந்த மாசியில ஒன் பேங்குல இருந்து கணக்கு வந்துச்சு. ஏதோ வெளிநாட்டுப் பேருல ரெண்டு தடவ காசு போயிருக்கு. வாயில நொழையாத பேரு. பேங்குல கேட்டிருக்கலாம். அந்தப் பேரு யாருதுன்னு கம்ப்யூட்டர்லயே தேடியிருக்கலாம், ஒனக்குச் சோறு போடுறதே அதுதான். என்னையக் கேட்டிருக்கலாம். சரி, அந்த மனுசன்கிட்டயே நேராக் கேட்டிருந்தாலும் ஒரு ஞாயம் இருக்கு. நீ என்ன பண்ணுன? ஒங்கக்காவக் கூப்பிட்டு, "அக்கா, மச்சான் என் கார்டு நம்பர எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காரா? அவருகிட்ட மட்டுந்தான் இருக்கு, ரெண்டு தடவ காசு போயிருக்கு, சத்தமில்லாமப் பையக் கேட்டுப் பாரு"ன்ன. பையக் கேக்கணுமாம்ல! அவ வச்சிருக்கது சைனா போனுடா. அதுல ரகசியம் பேசுனா சின்னமனூரு பஸ்டாண்டுல கேக்கும். மாப்பிள்ள எதுத்தாப்புல உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்திருக்காக. பாதிச் சோத்துல கையக் கழுவிட்டுச் சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாக. ஒங்கக்கா ரசத்த ஊத்த வந்தவ கரண்டியோட நின்னிருக்கா.

மறுநா காலையில மாப்பிள்ள மோட்டார் காயில் கட்டுற கடையப் பூட்டிட்டு, நேரா பேங்குக்குப் போயி, அம்புட்டுக் காசையும் ஒன் கணக்குல கட்டிட்டாக. அந்தக் காசப் பாத்ததும் நீ எனக்குப் போன் போட்டியே, அந்தக் கொரல நான் மறக்க மாட்டேன். கேசு ஜெயிச்ச வக்கீலு மாதிரி, "பாத்தீங்களாப்பா, கட்டிட்டாரு! எடுக்கலைன்னா எதுக்குக் கட்டணும்?"ன்ன.

கிறுக்குப்பய மகனே. எங்கன பெறந்த நீ? மார்க்கையன்கோட்டைத் தண்ணியத்தான குடிச்ச? நம்ம பக்கம் காச எடுத்தவன் கட்டுவானாடா? எடுத்தவன் கத்துவான். "எந்தப் பயடா என்னையச் சொன்னது"ன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பான். சாமிய இழுப்பான், சத்தியம் பண்ணுவான், கற்பூரம் அடிப்பான். எடுக்காத ரோசக்காரன்தான் "இந்தா தின்னு"ன்னு விட்டெறிவான். அது கடனக் கட்டுறதில்லடா, மூஞ்சியில துப்புறது. துப்புனத வழிச்சு நீ வரவு வச்சிருக்க. படிச்ச படிப்புக்கு இது கூடப் பிடிபடல.

எனக்கு ராத்திரியெல்லாம் ஒரே ஓசனை. அந்த நம்பர் யாருகிட்டதான் இருக்கு? மாப்பிள்ளைகிட்ட இல்ல, தெரியும். ஒங்கம்மாவுக்குத் தன் வயசே நெனப்பில்ல. அப்பறம் தோணுச்சு, அன்னைக்குத் தட்டுனது இந்தப் பொட்டியிலதான, இதுக்குள்ளதான் இருக்கணும்னு. ஒயரெல்லாம் பிடுங்கிப்புட்டு, பொட்டிய ஒங்கம்மா பழைய சேலையில சுத்தி, தோள்ல வச்சுக்கிட்டு உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறுனேன். கண்டக்டர், "பெருசு, லக்கேஜ் போடணும், உள்ள என்ன?"ன்னான். "எம்மகன் காசு உள்ள மாட்டிக்கிருச்சு, எடுக்கப் போறேன்"னேன். பய என்ன நெனச்சானோ, லக்கேஜே போடல.

அங்கன கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க பாய் இருக்காகள்ல, நீ இந்தப் பொட்டிய வாங்குனியே, அவுகதான். பொட்டிய எறக்கி வச்சு, "பாய், இதுக்குள்ள எம்மகன் கார்டு நம்பர் கெடக்கு, அத மட்டும் எடுத்துட்டுக் குடுங்க. சீட்டு வெளயாட்டு போயிராமப் பாத்துக்கங்க"ன்னேன். கடையில இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. நானும் சேந்து சிரிச்சேன், எதுக்குன்னு தெரியாம.

"அண்ணே, நம்பர் இங்கன இல்ல. அது கம்பெனிக்காரன்கிட்டப் போயிருச்சு. வருசம் முடிஞ்சா அவனே எடுத்துக்குவான்."

"கேக்காமயா?"

"கேட்டுட்டுத்தான். மொத தடவ வாங்கையிலயே ஒரு டிக் இருக்கும். வருசா வருசம் எடுத்துக்கங்கன்னு நீங்க சம்மதிச்ச மாதிரி."

"எம் மருமகன் அப்படி டிக் போட மாட்டாகளே."

"அவுக போட வேணாம்ணே. அவனே போட்டு வச்சிருப்பான். நாம பாத்து எடுக்கணும்."

எப்படி இருக்கு பாத்தியா ஞாயம்? டீக்கடைக்காரன் கேக்காமயே வடையக் கொண்டாந்து வைக்கிறான். அப்பறம், நீ எந்திரிச்சுப் போயி வேணாம்னு சொல்லல, அதுனால தெனமும் வடைக்குக் காசு குடுங்கிறான். நம்மூருல எந்தக் கடைக்காரனாச்சும் இப்படிப் பண்ணிட்டு ஒரு வாரம் கட தொறந்துருவானா? கல்லாவோட தூக்கி முல்லையாத்துல போட்டுருவாக. இவன் வெளிநாட்டுல இருக்கான், ஆறு அம்புட்டுத் தூரம் போகாதுங்கிற தைரியம். இதுல பாய்க்கு இன்னொரு சோலி. "அண்ணே, அதத் தூக்கிப் போட்டுட்டு நம்மகிட்ட வேற ஒண்ணு வாங்கிக்கங்க, கையில காசு, வருசம் முடிஞ்சா நானே ஞாபகப்படுத்துறேன்"ன்னாக. அவுக ஏவாரம் அவுகளுக்கு. "மொத இருக்க பேய ஓட்டுங்க பாய், அடுத்த பேயப் பெறகு பாப்போம்"னேன்.

பாயே கம்பெனி நம்பரத் தேடி எடுத்துப் போட்டுக் குடுத்தாக. அதுல ஒரு பொம்பள இங்கிலீசுல ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குங்கிறா. அப்பறம் பாட்டு. பாட்டு, பாட்டு, அம்புட்டுப் பாட்டு. கலியாண வீட்டு மேளக்காரன் கூட நடுவுல வெத்தல போட நிறுத்துவான். அது பாட்டுக்கு வாசிச்சுட்டுத் தானாவே கட்டாகும். திரும்பப் போட்டா மறுபடியும் ஒண்ண அமுக்கு. காச எடுக்கையில பாட்டும் இல்ல, அமுக்கும் இல்ல, கமுக்கமா எடுத்தாகள்ல. திருப்பிக் கேட்டா மட்டும் கச்சேரி.

கடைசியா ஒரு பய எடுத்தான். இங்கிலீசு. ஆனா அந்த இங்கிலீசு இழுத்த இழுப்புலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கொமுளிக்கு வாழைத்தார் ஏத்தி ஏத்தி அந்த மலையாளத்து இழுப்ப நான் எம்புட்டுக் கேட்டிருப்பேன். "மோனே, நாடு எவிடயா?"ன்னேன், ஊரு எதுன்னு. அப்பறம் பைய, "கோட்டயம்"ன்னான். விடுவனா? எனக்குத் தெரிஞ்ச மலையாளத்த அம்புட்டையும் அவிழ்த்து விட்டேன். மகன், மருமகன், காதுகுத்து, எல்லாத்தையும் சொன்னேன். பாவம், அவன் இங்கிலீச விட்டுட்டுத் தமிழும் மலையாளமுமாச் சொன்னான். ஒரு காசு, அடுத்த வருசத்துக்காம். எடுக்கையில போன வருசத்த விடக் கூட எடுத்திருக்கான். இன்னொரு காசு, பொட்டியச் சுத்தம் பண்ணுற மருந்துக்காம். எவன்டா கேட்டது சுத்தம் பண்ணச் சொல்லி? நான் ஆயுத பூசைக்கே அதத் தொடச்சதில்ல.

"சரி, இனிமே எடுக்காத, எடுத்ததக் குடு"ன்னேன். கார்டுக்காரரு அவரா மெயில்ல எழுதணுமாம். எந்த மெயில் குடுத்து வாங்குனாகளோ அந்த மெயில்ல இருந்து எழுதணுமாம். அது என்ன மெயிலுன்னு கேட்டா, அத நீங்கதான் சொல்லணுமாம். எடுக்கையில மட்டும் நான் யாருன்னு ஒனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சான்னு கேட்டேன். "சேட்டா, நான் சம்பளத்துக்கு ஒக்காந்திருக்கேன், தெனமும் இதேதான் கேக்குறாக, என்னால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னான். அவன வையிறதுக்கு மனசு வரல. அவனப் பதில் சொல்ல ஒக்கார வச்சுட்டுப் பின்னாடி ஒளிஞ்சிருக்கானே மொதலாளி, அவன்தான் என் கைக்குச் சிக்கணும். ஏதோ ஒரு புகார் நம்பரக் குடுத்து வச்சுக்கங்கன்னான். லைன் போயிருச்சு. மறுபடி போட்டா அதே பாட்டு.

ஆனாலும் எனக்குச் சந்தோசம்டா. உண்ம தெரிஞ்சுபோச்சுல்ல. பொட்டியத் தூக்கிக்கிட்டு அப்படியே சின்னமனூருல எறங்கி, மாப்பிள்ள கடைக்கு ஓடுனேன். மோட்டாரப் பிரிச்சுப் போட்டுக் கம்பி சுத்திக்கிட்டு இருந்தாக. மூச்சு வாங்க எல்லாத்தையும் சொன்னேன். டிக்கு, பாட்டு, கோட்டயம், எல்லாத்தையும். நிமுந்து பாக்கல. கடைசியில, "எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா"ன்னாக.

"என்ன தெரியும்?"

"கம்பெனிதான் எடுத்திருக்கும்னு. கடைக்கு வர்ற ஒருத்தருக்கும் இதே மாதிரி போயிருக்கு."

எனக்கு வந்துச்சு பாரு கோவம். "அப்பறம் எதுக்குய்யா கட்டுனீக? தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அப்பத்தான் கம்பியக் கீழ வச்சாக. "நான் களவாணி இல்லன்னு சாட்சியோட வந்து நிரூபிச்சுட்டுத்தான் ஒங்க வீட்டுல சோறு திங்கணுமா மாமா? ஒங்க மகளக் கட்டி இத்தன வருசத்துல அது தெரியலைன்னா, இனிமே நிரூபிச்சு என்னத்துக்கு?"

அன்னைக்குச் சேலைப் பொட்டலத்தக் கக்கத்துல வச்சுக்கிட்டு, நடு ரோட்டுல, கன்னத்துல அறை வாங்குனவன் கணக்கா நின்னேன். அந்த அறை ஒனக்கு வந்தது. நான் வாங்கிக்கிட்டேன்.

ஒங்கக்கா நேத்து வந்தான்னேன்ல. பிள்ளைய எறக்கி விட்டுட்டு நின்னுக்கிட்டே பேசுறா. ஒங்கம்மா மீன் கொழம்பு வச்சிருந்தா. "ஆத்தா, ஒரு வாய் தின்னுட்டுப் போ"ன்னேன். "எம் புருசன் கை நனைக்காத வீட்டுல நான் எப்படிப்பா கை நனைக்க?"ன்னா. பெத்த வீடுடா. மீன் கொழம்புன்னா எந்திரிச்சு ஓடியாறவடா அவ. தண்ணி கூடக் குடிக்காம வெயில்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போறா. ஒங்கம்மா அடுப்படியில மூக்கச் சிந்துறா. இதுக்கெல்லாம் ஒன் பேங்குல இருந்து கணக்கு வருமா?

கம்பெனிதான் எடுத்திருக்குன்னு அன்னைக்கே போன்ல ஒனக்குச் சொன்னேனே, நீ என்ன சொன்ன? "அப்படியாப்பா, நான் மெயில் போடுறேன். ரீஃபண்ட் வந்ததும் மச்சான் கணக்குக்குத் திருப்பிப் போட்டுட்டு, ஒரு சாரி மெசேஜும் அனுப்பிடுறேன்"ன்ன. வெளங்கும். அடேய், அந்தக் கம்பெனிக்கும் ஒனக்கும் என்னடா வித்தியாசம்? அவன் மூஞ்சியக் காட்டாம எடுக்குறான், நீ மூஞ்சியக் காட்டாம பழி போடுற. அவனக் கூப்பிட்டாப் பாட்டு, ஒன்னையக் கூப்பிட்டா மீட்டிங். அவன் ஒரு நம்பரக் குடுத்து வச்சுக்கங்கிறான், நீ ஒரு மெசேஜக் குடுத்து வச்சுக்கங்கிற. காசத் திருப்பிப் போட்டியின்னா அது அந்த மனுசன ரெண்டாந்தடவ அடிக்கிறது. அந்தக் காசு ஒங்கிட்டயே கெடக்கட்டும். பாக்குறப்பெல்லாம் ஒறைக்கட்டும். கம்பெனிகூட நீ சண்ட போடு, மெயில் போடு, பேங்குல எழுதிக் குடு, அந்தக் கார்டையே வெட்டிப் போடு. விட்டுறாத. கேக்க ஆளில்லைன்னுதான் அவன் எல்லாரு சட்டைப் பையிலயும் கைய விடுறான். ஆனா அது ஒன் சண்ட. மச்சானுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கம்பெனி எடுத்தது காச. ஒங்க மச்சான்கிட்ட இருந்து நீ எடுத்தது வேற.

அதுனால இந்த வாரமே கெளம்பி வா. லீவு குடுக்கலைன்னா, அப்பன் சாகக் கெடக்கான்னு சொல்லிக்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வேணும்னா போன்ல இருமிக் காட்டுறேன். பஸ்ஸ விட்டு எறங்குனதும் வீட்டுக்கு வராத. வந்தா கதவத் தொறக்க மாட்டேன். சின்னமனூருலயே எறங்கி நேரா கடைக்குப் போ. ஆளுக இருக்க நேரமாப் பாத்துப் போ, தனியா இருக்கையில போயிக் காதுல சொல்லாத. நீ சந்தேகப்பட்டது நாலு பேருக்குத் தெரியும், தப்புன்னு சொல்றதும் நாலு பேருக்குக் கேக்கணும். டிக்கு, ரீஃபண்டுன்னு கம்பெனி கதைய ஆரம்பிச்சுறாத. "மச்சான், நான் ஒங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது"ன்னு சொல்லு. அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒன் வாய் தொறந்தாக் காரியம் கெட்டுரும், ஒன் வாயப் பத்தி எனக்குத் தெரியாதா, நான் குடுத்த வாய்தான அது.

அவுக நிமுந்து பாக்க மாட்டாக. கம்பி சுத்திக்கிட்டே இருப்பாக. ஒக்காருன்னு சொல்ல மாட்டாக. நில்லு. மோட்டாருக்கு வந்தவுக யாருப்பா இதுன்னு கேப்பாக, அதுக்கும் பதில் வராது. நில்லு. கால் வலிக்குதுன்னு செவுத்துல சாயாத, செல்ல எடுத்து நோண்டாத. எம்புட்டு நேரமாகும்னு நான் சொல்ல முடியாது. ஆனா அந்த மனுசன எனக்குத் தெரியும். எப்பயோ ஒரு நேரத்துல, யாருகிட்டயோ சொல்ற மாதிரி, எதுத்த கடையப் பாத்து "ரெண்டு டீ"ன்னு சத்தம் குடுப்பாக. ஒண்ணு ஒனக்கு. சீனி தூக்கலா இருந்தாலும், ஆறிப்போயி ஆடை கட்டியிருந்தாலும், கடைசிச் சொட்டு வரைக்கும் குடி.

குடிச்சு முடிச்சதும் ஒன் கை பழக்கதோசத்துல பையில இருக்க பர்ஸுக்குப் போகும். போகவிடாத. அந்த டீக்கு மட்டும் நீ காசு குடுத்தியின்னா, காதுகுத்துல ஒன் எடத்துல உக்கார பங்காளி வீட்டுப் பயலுக்குப் பட்டு வேட்டிய நானே எடுத்துக் குடுத்துருவேன்.

கோவம் எறங்காத
ஒங்கப்பன்